பல் தேயும் வரை

கால்வாய்ப் பராமரிப்பு வாரியத்துக்குக் கால்வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பராமரிக்கத் தெரியும். வாசலில் இருக்கும் புல்வெளியைப் பார்த்தால் படுத்துப் புரளலாம் போலிருக்கும். மாடிப்படிக் கைப்பிடியில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம். முன்கூடத்தில் ஒரு நீரூற்று உண்டு. அதன் தெளிவைப் பார்த்துவிட்டுத்தான் வெளியூர் விருந்தாளிகள், "கால்வாயை என்ன அழகாக வைத்திருக்கிறீர்கள்!" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கால்வாயைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நிஜக் கால்வாய் வாரியத்தின் பின்சுவரை ஒட்டி ஓடியது. ஓடியது என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். பல வருஷமாக அது நின்றுகொண்டிருந்தது. சேறும் செடியும் உடைந்த நாற்காலிகளும் மண்டி, நடுவில் நாய் படுத்துத் தூங்கும் அளவுக்கு மேடு தட்டிவிட்டது. மழை வந்தால் தண்ணீருக்குக் கால்வாயில் இடம் இருக்காது, தெருவுக்குள் வரும். தெருவுக்குள் வந்தால் முதலில் நுழைவது கோப்பைக்காரர் வீடு.

கோப்பைக்காரருக்கு வீட்டின் முன்னறைதான் கடை, பட்டறை எல்லாம். பித்தளைக் கோப்பை, கேடயம், பதக்கம் செய்து கொடுப்பார். அவருடைய பெரிய வாடிக்கையாளர் வாரியமே. சிறந்த புல்வெளிக்கான கேடயம், சிறந்த மேஜைக்கான கோப்பை என்று வருஷம் முழுக்க ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வெள்ள நிவாரணத்தில் சிறந்து விளங்கியதற்காக வாரியம் தனக்குத் தானே ஒரு கோப்பை கொடுத்துக்கொள்ளும். அதை அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் செய்து முடிப்பது வழக்கம்.

வீட்டில் அவர், அவர் மனைவி, மனைவியின் அப்பா என்று மூன்று பேர். மாமனாருக்குக் கால் இரண்டும் விளங்காமல் போய்விட்டது; வாய்க்கு ஒரு குறையும் இல்லை. மாடிக்குப் போவது ஒரு சுழல் இரும்புப்படி. அதில் ஆளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. அதனால் மழைக்காலத்தில் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவார்கள். போன வருஷம் செங்கலையும் தாண்டித் தண்ணீர் ஏறி, மெத்தை ஊறி, மனிதருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். இன்னொரு தடவை இப்படி நனைந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்ன மாப்பிள்ளே, இந்த வருஷம் எத்தனை செங்கல்?" என்று மாமனார் தினமும் கேட்பார், ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல.

இப்படி இருக்கையில்தான் வாரியம் ஒரு மண் தோண்டும் இயந்திரம் வாங்கியது. மஞ்சள் நிறம், சங்கிலிச் சக்கரம், ஆளையே உட்கார வைத்துத் தூக்கலாம் போன்ற வாளி. அது வாரியத்தின் பின்முற்றத்தில் வந்து இறங்கியதை மொட்டைமாடியிலிருந்து தெருவே பார்த்தது. கோப்பைக்காரர் கீழே ஓடிவந்து மாமனாரிடம், "இந்த வருஷம் செங்கலே வேண்டாம் மாமா!" என்றார்.

மறுநாளே வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் ஒப்பீட்டு அலுவலர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது அவர் பதவி. ஒப்பிட எதுவும் வராத காலத்தில் அறைக்கு அறை போய்ச் சுவர்க்கடிகாரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"கோப்பைக்காரரே, தலைவர் மேஜைக்கு ஒரு மாதிரி வேணும். அந்த மிஷின் அப்படியே, உலோகத்துல. ஒரு முழ நீளம். கை மடங்கணும், வாளி கவிழணும், சங்கிலி உருளணும். ஒரு திருகாணி குறையக் கூடாது."

"செஞ்சிடலாம் சார். மிஷின் எப்போ கால்வாய்ல இறங்குது?"

"மாதிரி முடிஞ்சதும்."

கோப்பைக்காரருக்கு விளங்கவில்லை. "மாதிரிக்கும் கால்வாய்க்கும் என்ன சார் சம்பந்தம்?"

"தலைவர் பார்க்காம எந்த மிஷினும் வேலைக்குப் போகக் கூடாதுன்னு விதி. தலைவர் முற்றத்துக்கெல்லாம் வர முடியாது, வெயில். அதனால மாதிரியைப் பார்ப்பார். பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அது அசலை மாதிரியே இருக்குன்னு நான் சாட்சி சொல்லணும். நடுவுல மிஷின் வேலைக்குப் போச்சுன்னா சேறாகும், கீறல் விழும். மாதிரி ஒண்ணு, அசல் ஒண்ணுன்னு ஆயிடும். அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"சேத்துல இறங்கத்தானே சார் மிஷினையே வாங்கினீங்க?"

"வாங்கினது கொள்முதல் பிரிவு. எதுக்கு வாங்கினாங்கன்னு அவங்களைத்தான் கேட்கணும்."

கோப்பைக்காரர் யாரையும் கேட்கவில்லை. சீக்கிரம் செய்து கொடுத்தால் சீக்கிரம் மிஷின் இறங்கும் என்று கணக்குப் போட்டு, சாப்பாட்டு மேஜையையும் பட்டறையோடு சேர்த்துக்கொண்டார். பித்தளைத் தகட்டைக் கம்பி ரம்பத்தால் அறுத்து, மடித்து, பற்றவைத்து, அரம் போட்டு உடம்பைச் செய்தார். குழாய்க்குள் குழாய் வழுக்கிப் போகும்படி கடைந்து, கை மடங்கி நீளும்படி செய்தார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக வெட்டி, ஊசி முனையளவு துளை போட்டு, கம்பி செருகிக் கோத்தார். வாளிக்குப் பல் வைத்தார். கண்ணாடி அறைக்குள் இரண்டு நெம்புகோல்கூட வைத்தார். மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். "ஊர்ல எல்லாரும் சாதத்துல கல்லு கிடக்குன்னு சண்டை போடுவாங்க. நம்ம வீட்ல சங்கிலி கிடக்கு" என்றாள்.

மாதிரி தகதகவென்று வந்திருந்தது. முற்றத்துக்கு எடுத்துப் போனார். ஒப்பீட்டு அலுவலர் மிஷினைச் சுற்றி ஒரு தடவை, மாதிரியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"நிறம் ஒத்து வரலையே."

"அதே மஞ்சள்தான் சார்."

"மிஷின் இத்தனை நாள் வெயில்ல நின்னிருக்கு. இடது பக்கம் வெளுத்திருக்கு பாருங்க. உங்களுது வெளுக்கல."

கோப்பைக்காரர் வெளுக்க வைத்துக் கொண்டுவந்தார். அதற்குள் மிஷினின் கை மூட்டில் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. கூட்டைக் கலைக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "அசலைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை" என்று பதில் வந்தது. செம்புக் கம்பியைப் பின்னிப் பட்டாணியளவில் ஒரு கூடு செய்தார். அதைக் கொண்டுபோனபோது குருவி முட்டையிட்டிருந்தது. முட்டையோடு கொண்டுபோனபோது குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் வாயைத் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்பது பற்றி வாரியத்தில் ஒரு கூட்டமே நடந்தது. குஞ்சுகள் பறந்து போயின. கூடு மட்டும் இருந்தது. அப்போது சங்கிலிச் சக்கரத்துக்குள் புல் முளைத்துவிட்டது.

இதில் மாட்டிக்கொண்ட இன்னொரு ஜீவன் மிஷினின் டிரைவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மிஷினுக்குள் உட்கார்ந்திருந்தார். ஒப்பீட்டின்போது அவர் இருக்கையில் இருந்ததால் மாதிரியிலும் ஒரு டிரைவர் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. விரலளவு ஆளைக் கோப்பைக்காரர் செய்து உட்கார வைத்தார். அன்று டிரைவர் முகத்தில் நான்கு நாள் தாடி இருந்தது. அன்றிலிருந்து அவர் சவரம் செய்யக் கூடாது, வளரவும் விடக் கூடாது என்று உத்தரவு.

"வளர விடாம, மழிக்காம எப்படிண்ணே இருக்கிறது?" என்று அவர் கோப்பைக்காரரிடம் அழமாட்டாத குறையாகக் கேட்டார். "தினமும் வந்து கத்தரிக்கோலால ஓரம் வெட்டி விடுறாங்க. உடம்பு ஏறக் கூடாதுன்னு கேன்டீன்ல சாப்பாட்டைக் குறைச்சுட்டாங்க. என் சம்சாரம் என்னை வீட்டுக்குள்ள விட மாட்டேங்குறா. எதையாவது தோண்ட விட்டா போதும்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வானம் கறுக்கத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் சின்னத் தூறல். அதற்கே கால்வாய் நாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மனைவி கொல்லையிலிருந்து செங்கல் கொண்டுவந்து அடுக்கினாள். மாமனார் அன்று ஸ்கோர் கேட்கவில்லை. கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

மறுநாள் கோப்பைக்காரர் நேராகத் தலைவரிடமே போய்விட்டார். தலைவர் அறையின் ஜன்னல் கால்வாய்ப் பக்கம்தான் இருந்தது. அதை மறைத்துப் பெரிய மலையருவிப் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

"ஐயா, மழை வரப்போகுது. வீட்ல படுத்த படுக்கையா ஒரு பெரியவர் இருக்கார். போன வருஷமே சாகக் கிடந்து பிழைச்சார். மாதிரி பின்னாடி வரட்டும், மிஷினை முதல்ல இறக்கிவிடுங்கய்யா."

தலைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "வெள்ளம் வந்தா வாரியம் கையைக் கட்டிக்கிட்டு இருக்கும்னு நினைக்கிறீங்களா? போன வருஷம் உங்க தெருவுக்கு யார் வந்தது? நான்தானே வந்தேன்?"

"படகுல வந்து கையசைச்சீங்கய்யா."

"அந்தக் கையை அசைக்கறதுக்கு எவ்வளவு ஏற்பாடு தெரியுமா? படகு, குடை, போட்டோ எடுக்கிறவருக்குத் தனிப் படகு. கால்வாயைத் தூர்வாரிட்டா அப்புறம் நிவாரணப் பிரிவுல இருக்கிறவங்க எல்லாம் எங்கே போவாங்க? நாலு பக்கமும் யோசிக்கணும். இருந்தாலும் உங்க கவலை எனக்குப் புரியுது. மழைக்கு முன்னாடி மாதிரியைத் திறந்து வெச்சிடணும்."

கோப்பைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிங்கய்யா."

"மழை வந்துட்டா விழாக் கூடாரம் நனைஞ்சிடுமே. வெள்ளிக்கிழமை விழா. ஒப்பீட்டு அலுவலர்கிட்ட நான் சொல்லிடுறேன். கையெழுத்துப் போட்டாச்சுன்னா அப்புறம் அதை யாரும் அசைக்க முடியாது. ஒரு தடவை லீவு உத்தரவுல தேதியைத் தப்பாப் போட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். வாரியம் முழுக்க ஞாயித்துக்கிழமை வேலைக்கு வந்து, திங்கக்கிழமை வீட்ல இருந்துச்சு. உத்தரவு மாறல. நான் கையெழுத்துப் போட்டா, மத்ததெல்லாம்தான் அதுக்கு ஏத்த மாதிரி மாறிக்கணும்."

"விழா முடிஞ்சதும் மிஷின் இறங்கிடுமாய்யா?"

"அது எப்படி? கையெழுத்தான மாதிரியும் மிஷினும் என்னைக்கும் ஒண்ணாவே இருக்கணும். அதுக்குக் கீறல் படாம ஒரு கண்ணாடிக் கொட்டகை கட்டச் சொல்லியிருக்கேன்."

கோப்பைக்காரர் வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்ததும் மேஜைமேல் இருந்த மாதிரியின் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டதை எல்லாம் மனைவியிடம் கொட்டினார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நல்லா இருக்குதுங்க நியாயம்! மிஷினைப் பார்த்துப் பார்த்து நீங்க பொம்மையை வெளுக்க வெச்சீங்க, கூடு வெச்சீங்க, தாடி வெச்சீங்க. ஒரே ஒரு தடவை இந்தப் பொம்மையைப் பார்த்து அந்த மிஷின் மாறக் கூடாதா?"

கோப்பைக்காரர் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய், ஒரு வாளி எடுத்துக்கொண்டு கால்வாய்க்கு நடந்தார்.

வியாழக்கிழமை காலை ஒப்பீடு நடந்தது. தலைவர் சொல்லிவிட்டதால் அலுவலருக்கு வேறு வழியில்லை. புல்லுக்குப் புல், கூட்டுக்குக் கூடு, தாடிக்குத் தாடி சரியாக இருந்தது. "ஒத்துப்போகுது! இந்த நிமிஷம் ஒத்துப்போகுது! யாரும் எதையும் அசைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"விழாவுக்கு ஒரு தடவை துடைச்சுப் பளபளன்னு கொண்டாந்திடுறேன் சார்" என்றார் கோப்பைக்காரர். வாரியத்தில் பளபளப்புக்கு மட்டும் யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் அவர் மாதிரியின் வாளிப் பற்களைக் கழற்றிவிட்டு, சீக்கிரம் தேயும் என்று ஈயத்தில் வார்த்த பற்களைப் பொருத்தினார். கால்வாய்ச் சேற்றையும் சரளையையும் ஒரு பெரிய தாம்பாளத்தில் கொட்டி மாமனாரின் படுக்கையில் வைத்தார். மாதிரியை அவர் கையில் கொடுத்தார்.

"தோண்டுங்க மாமா. பல்லு பாதி தேயற வரைக்கும்."

மாமனார் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு தோண்டினார். கையை நீட்டி, வாளியைக் கவிழ்த்து, சேற்றை அள்ளி, தாம்பாளத்தின் மறுபக்கம் கொட்டினார். கொஞ்ச நேரத்தில் வாயால் இன்ஜின் சத்தமும் போட ஆரம்பித்துவிட்டார். மனைவி போர்வை பாழாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு அந்தக் கால்வாய்ச் சேற்றைத் தோண்டிய முதல் ஆள், கால் விளங்காத அந்த மனிதர்தான். சாயங்காலத்துக்குள் பற்கள் மழுங்கி, மஞ்சள் மேலெல்லாம் கீறி, சங்கிலிக்குள் சேறு புகுந்து காய்ந்திருந்தது. கோப்பைக்காரர் குருவிக்கூட்டை இடுக்கியால் எடுத்துவிட்டு, கடைசி வேலையாகச் சின்ன டிரைவரின் தாடியை அரம் போட்டு மழித்தார்.

வெள்ளிக்கிழமை விழாவில் மாதிரி பட்டுத்துணிக்குள் இருந்தது. தலைவர் பேசினார். "இந்த மாதிரி என் மேஜையில் இருக்கும்வரை, கால்வாய் என் கண்முன்னால் இருப்பதாகவே அர்த்தம். இனி நான் கால்வாய்க்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. இதுவரை போனதும் இல்லை என்பது வேறு விஷயம்" என்றார். கைதட்டல் நின்றதும் துணியை இழுத்தார்.

கூட்டத்தில் ஒரு ஆச்சரியக் குரல் எழுந்தது. "அடடா, நிஜமா வேலை செஞ்ச மிஷின் மாதிரியே இருக்கே!" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். தலைவர் நிஜமாக வேலை செய்த மிஷினைப் பார்த்ததில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அடிப்பலகையின் பித்தளைத் தகட்டில் செதுக்குப் பேனாவால் கையெழுத்தைப் பொறித்தார்.

அதன் பிறகுதான் ஒப்பீட்டு அலுவலர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

"சார், மாதிரியும் மிஷினும் ஒத்துப்போகல. மாதிரி முழுக்கச் சேறு."

மேடைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் நடந்தது. மாதிரியைக் கழுவிவிடலாம் என்றார் ஒரு அதிகாரி. "என் கையெழுத்துக்கு மேல தண்ணி ஊத்துவீங்களா?" என்று தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். அப்படியானால் கையெழுத்துத் தவறா என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. மாதிரி நேற்று யார் கையில் இருந்தது என்று கிளறினால் ஒப்பீட்டு அலுவலரின் சாட்சிக் கையெழுத்தும் மாட்டிக்கொள்ளும்.

"அப்போ தப்பு மிஷின்லதான் இருக்கு" என்றார் தலைவர். "இவ்வளவு நாளா நம்ம மிஷின் சுத்தமா நின்னிருக்கு, யாரும் கவனிக்கல! நாலு ஆளை விட்டுச் சேத்தை அள்ளிப் பூசச் சொல்லுங்க."

கோப்பைக்காரர் கூடாரத்தின் ஓரத்தில் நின்று பவ்வியமாகச் சொன்னார். "பூசலாங்கய்யா. ஆனா பல்லு?"

எல்லோரும் பல்லைப் பார்த்தார்கள்.

"அரம் போட்டு ராவிடலாமே?" என்றார் பின்வரிசைக்குப் போன அதிகாரி.

இங்கேதான் ஒப்பீட்டு அலுவலரின் தன்மானம் விழித்துக்கொண்டது. "ராவின தேய்மானம் வேற, தோண்டின தேய்மானம் வேற. மத்தவங்க கண்ணை ஏமாத்தலாம், என் கண்ணாடியை ஏமாத்த முடியாது. இது தோண்டித் தேஞ்ச பல். மிஷினும் தோண்டித்தான் தேயணும். இல்லாட்டி நான் மறுபடி சாட்சி சொல்ல மாட்டேன்."

அரைமணி நேரத்தில் உத்தரவு தட்டச்சாகி வந்தது. 'பல் தேயும் வரை தோண்டவும்.' எங்கே தோண்டுவது என்று அதில் இல்லை. புல்வெளியைத் தோண்ட முடியாது, அது கேடயம் வாங்கிய புல்வெளி. பக்கத்தில் தோண்டுவதற்கென்று வேறு இடம் எதுவும் இல்லாததால் கால்வாயில் தோண்டச் சொன்னார்கள். மாதிரியைப் பார்த்து டிரைவருக்கு உடனே சவரம் செய்து அனுப்பினார்கள். அவர் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே மிஷினைக் கிளப்பினார். கோப்பைக்காரரைக் கடக்கும்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

கால்வாய்ச் சேறு வெண்ணெய் போல மெத்தென்று இருந்தது. அதில் இரும்புப் பல் லேசில் தேயுமா? ஒப்பீட்டு அலுவலர் கரையோடு கூடவே நடந்து, அவ்வப்போது மிஷினை நிறுத்திப் பல்லைப் பார்த்து, "போதாது, தோண்டு" என்பார். மேல்சேறு போயிற்று, உடைந்த நாற்காலிகள் போயின, அடிச்சேறு போயிற்று. அடியில் சரளையும் பாறையும் வந்த பிறகுதான் பல் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கியது. அதற்குள் கால்வாய் முழுக்க முடிந்துவிட்டது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. "ஒத்துப்போகுது!" என்று அவர் கத்திய அன்று சாயங்காலமே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது.

வீட்டில் மூன்று பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகத் தண்ணீர் நுழையும் நேரம் வந்தது, போயிற்று. கால்வாய்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"அது என்ன மாப்பிள்ளே, சலசலன்னு?"

"கால்வாய் ஓடுது மாமா."

மாமனார் அந்தப் பக்கம் காதைத் திருப்பி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "செங்கலை எடுத்துடு மாப்பிள்ளே, உசரத்துல படுத்தா தலை சுத்துது" என்றார். கோப்பைக்காரர் கட்டிலுக்கு அடியில் குனிந்தவர், மனைவி பார்க்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார்.

மழை விட்ட காலையில் ஒப்பீட்டு அலுவலர் நனைந்த குடையோடு ஓடிவந்தார். "கோப்பைக்காரரே, மோசம் போயிட்டோம். மழை மிஷினைக் கழுவிடுச்சு. சேறே இல்லை. மாதிரியைக் கொஞ்சம் கழுவித் தர முடியுமா?"

"கையெழுத்தானதைத் தொடலாங்களா சார்?"

அலுவலர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினார். மத்தியானமே மிஷின் மறுபடியும் கால்வாயில் இறங்கியது. அதிலிருந்து மழை கழுவுவதும், மிஷின் இறங்குவதும் வழக்கமாகிவிட்டது. வாரியம் இதற்கு 'இயந்திரத்தை அழுக்காக வைத்திருக்கும் திட்டம்' என்று பெயரிட்டு, தனிப் பிரிவு தொடங்கி, ஆட்களை நியமித்தது.

வருஷக் கடைசியில் அந்தத் திட்டத்தின் வெற்றிக்காக வாரியம் தனக்கு ஒரு கோப்பை கொடுத்துக்கொள்ள முடிவு செய்தது. ஒப்பீட்டு அலுவலர்தான் சொல்ல வந்தார்.

"என்ன வாசகம் பொறிக்கட்டும் சார்? கால்வாயைத் தூர்வாரியதற்காகன்னு போட்டுடவா?"

அலுவலர் புரியாமல் விழித்தார். "கால்வாயா? அதை யாருய்யா பார்த்தா?"

கோப்பைக்காரர் 'இயந்திரத்தை அழுக்காக வைத்திருந்ததற்காக' என்றே பொறித்துக் கொடுத்தார். வாரியம் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் கோப்பையை முதல்முறையாக அவர் நனையாத தரையில் நின்று செய்தார். கடைசியாகத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கியது, தரையோடு தரையாக இருந்த கட்டிலில் சாய்ந்தபடி, மாமனார்.